ஆறாவது பாட்டில் ஏறியவளுக்கு

நேற்று ஜொகூர் பாரு தம்போயில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். புது ரப்பரின் காட்டமான வாசனை, சுவரோரம் அடுக்கிய டயர்கள், மூலையில் ஒரு சிறிய வானொலி. கடைக்காரர் சீனர். வருகிறவர் முகத்தைப் பார்த்து வானொலியின் மொழியை மாற்றுகிற மரியாதை அவருக்கு உண்டு. என்னைப் பார்த்ததும் தமிழுக்குத் திருப்பினார். உள்ளூர்க் கலைஞர்களின் பழைய பாட்டுகளைப் போடும் நேரம் போலிருக்கிறது. விளம்பரங்களுக்குப் பிறகு வந்தது நம்முடைய மழைப் பாட்டு.

நம்முடையது என்று சொல்ல உரிமை இருக்கிறதா தெரியவில்லை. எழுதியவர்களும் பாடியவர்களும் வேறு யாரோ. ஆனாலும் அந்தப் பாட்டை நம்மைவிட அதிகமாகக் கேட்டவர்கள் இந்த மாநிலத்தில் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்தது. கடைசி மழைச் சத்தம் அடங்கியதும் என் காது அடுத்ததற்குத் தயாராகிவிட்டது. ஒற்றைக் கிட்டார்க் கம்பி, அதன் பின்னால் யாரோ லேசாக இருமுவது, பிறகு குரல். அதற்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. பேசிக்கொண்டே நடந்து போகும்போது திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளில்லாமல் இருக்குமே, அப்படி இருந்தது.

"கா, கெரெத்தா சுடா சியாப்," என்று கடைக்காரர் கார் தயாராகிவிட்டதைச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. கேட்கவில்லை போலும் என்று நினைத்து, அருகில் வந்து இன்னொரு முறை சொன்னார். நீ இருந்திருந்தால் அந்த வானொலி நிலையத்தைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருப்பாய். நான் சண்டை போடுகிற ரகம் இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நீ அந்தக் கேசட்டை வாங்கியபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். பல்கலைக்கழகத்தில் நம் இறுதி ஆண்டு. தமிழ் மாணவர்கள் நடத்திய கலை விழாவில், குளுவாங் பக்கத்து இளைஞர்கள் சிலர் கீபோர்டும் உறுமியும் கிட்டாருமாக வந்து பாடினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியை வைத்துத் தங்கள் கேசட்டைத் தாங்களே விற்றார்கள். எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கீபோர்டு சத்தம் அதிகம், வரிகளில் நிலா அதிகம் என்றேன். அதற்குள் நீ வாங்கிவிட்டாய். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாட்டுகளின் பெயரே இல்லை. பெற்றோர், கோயில் நிர்வாகம், வேன் கொடுத்த மாமா, சமைத்துப் போட்ட சித்தி என்று அட்டை முழுக்க நன்றிதான்.

"பாட்டு பேரு எங்கலா?" என்று கேட்டேன்.

"நன்றி சொல்லவே எடம் பத்தல, பாவம். பேரு எதுக்குடி? கேட்டா தெரிஞ்சிரப் போவுது."

கேசட்டின் மேல் மட்டும் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி என்று வட்டமான சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. அந்த ஸ்டிக்கர்களின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் உன்னிடமே இன்னொரு முறை சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

படிப்பு முடிந்து நம் இருவருக்கும் சிங்கப்பூரில் ஆய்வுக்கூட வேலை கிடைத்தது. ஜொகூர் பாருவில் வீடெடுத்துத் தங்கி, தினமும் உன் சின்னக் காரில் எல்லைப் பாலத்தைக் கடந்தோம். கடந்தோம் என்பது பெரிய வார்த்தை. பெரும்பாலும் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் மோட்டார்சைக்கிள்கள் ஆற்று வெள்ளம்போல் ஓட, நடுவில் நாம் அசையாமல் இருப்போம். அப்போதுதான் உன் சட்டம் அமலுக்கு வந்தது. கேசட்டைப் போட்டால் ஏ பக்கத்தில் தொடங்க வேண்டும். எந்தப் பாட்டையும் தாண்டக் கூடாது. பிடித்த பாட்டைத் திரும்பப் போடக் கூடாது. பி பக்கம் முடிந்ததும் வேறு எதையும் போடக் கூடாது. வேலையிடம் வரும்வரை சும்மா இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் எரிச்சலாக இருந்தது. வானொலியைத் தொடப் போனால் என் கையில் ஒரு தட்டு விழும்.

"இப்பதான முடிஞ்சுச்சு. கொஞ்சம் சபார் லா, பொறு. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள அடுத்த தட்டு வேணுமா ஒனக்கு?"

ஒருநாள் பி பக்கத்தின் மூன்றாவது பாட்டைத் தாண்டப் பொத்தானை அழுத்தினேன். கல்யாண வீட்டில் பேச்சை நிறுத்தாத மாமாவைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. நீ காரை நிறுத்தவில்லை. அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. பூட்டை மட்டும் திறந்துவிட்டாய். "எறங்கி நடந்து போ. அந்தக் கரையில, உட்லண்ட்ஸ்ல பாக்கலாம்," என்றாய். நீ சிரிக்கிறாய் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தக் காலத்தில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்துக் கேசட் கடையில் ஒன்றாகப் பதிந்து வாங்குவது எல்லாருக்கும் வழக்கம். என்னிடமும் சில இருந்தன. நீ அவற்றுக்கு 'ரோஜாக் கேசட்' என்று பெயர் வைத்தாய். காய், பழம், இறால் விழுது எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறியதை ருசித்துத் தின்கிறவள்தான் நீ. கேசட்டில் மட்டும் அது உனக்கு ஆகாது.

நான் விடவில்லை. வரிசையெல்லாம் விற்கிறவனின் வசதி, நாடா நீளத்துக்கு ஏற்ப எதையாவது எங்காவது போடுவார்கள், அதில் அர்த்தம் தேடுவது நம் மனதின் பழக்கம் என்று வாதிட்டேன். நீ லாயாங் லாயாங்காரி. நான் சிகாமட்காரி. விடுமுறைக்கு ஜொகூர் பாருவிலிருந்து ஒரே ரயிலில்தான் ஊருக்குப் போவோம். அதிலிருந்தே எனக்குப் பதில் எடுத்தாய்.

"ஜேபியில ஏறுனா கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங். அப்பறம்தான் ஒன் சிகாமட். உனக்குப் புடிக்கலன்னு ரெங்கத்தத் தூக்கி கூலாய்க்கு முன்னால வச்சா, நான் எப்படிடி வீட்டுக்குப் போறது?"

"ரயில் பாதைய யாரோ யோசிச்சுப் போட்டாங்க. இது பத்துப் பாட்டு."

"இதையும் யாரோ யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க."

அந்த யாரோ என்ன யோசித்தார்கள் என்பதற்கு உன்னிடம் முழு விளக்கம் இருந்தது. ஏ பக்கம், வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் குரலோடு தொடங்கும். முன்னுரை கிடையாது; பேச்சின் நடுவே நாம் அறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். அந்தப் பக்கம் தாலாட்டில் முடியும். தாலாட்டு அடங்கியதும் பதிவு அறையில் யாரோ சிரிக்கும் சத்தம் ஒரு கணம் கேட்கும். பி பக்கத்தைத் திருப்பிப் போட்டால் உறுமி முழங்கி, எல்லாரையும் வா வா என்று கூப்பிடும் பாட்டு. திறப்பு விழாவை நடுவில் வைத்திருக்கிறார்களே என்று நான் கேலி செய்தேன். தூங்க வைத்துவிட்டு எழுப்புகிறார்கள், அதுதான் சாமர்த்தியம் என்றாய். மழைப் பாட்டுக்குப் பின் வரும் கடைசிப் பாட்டோ, பாதி வரியில் அறுந்ததுபோல் நின்றுவிடும். பணம் தீர்ந்து போயிருக்கும் என்பது என் ஊகம்.

"இல்ல. முடிக்காமத்தான் விட்டிருக்காங்க. மிச்சத்த நாம யோசிக்கணும்னு," என்றாய். அதற்காகத்தான் அந்த மௌன விதி. அறுந்த வரியை நீ மனதுக்குள் தினமும் ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்ப்பாய் என்று பிற்பாடு ஒருமுறை சொன்னாய். நான் உன்னைப் பைத்தியம் என்றேன். ஆனால் அதற்குள் நானும் ரகசியமாக முடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். மாமா பாட்டுகூட, அடுத்து வரும் மழைப் பாட்டின் அமைதிக்காக வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்தக் கூச்சல் இல்லாமல் மழை அவ்வளவு மெதுவாகப் பெய்யாது. இதை உன்னிடம் உடனே ஒப்புக்கொண்டேனா என்று கேட்காதே.

பிறகு நீ கல்யாணமாகிக் கூலாய்க்குப் போனாய். எனக்கு இந்தப் பக்கமே நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கார்களில் கேசட் போடும் வசதி போயிற்று. கைப்பேசி வந்தது, எனக்கு எது பிடிக்கும் என்று அதுவே முடிவு செய்து பாட்டுகளை அடுக்கித் தந்தது. நானும் இருபத்து மூன்று நொடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். நீ சேரவில்லை. உன் மகளை விட்டுக் கேசட்டை அப்படியே கைப்பேசிக்கு மாற்ற வைத்தாய், ஏ பக்கம் முதலில், பி பக்கம் பின்னால்.

உன் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, சனிக்கிழமைகளில் உன்னை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போவது என் முறை. பசியாறியதும் கிளம்புவோம். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காதொலிப்பானில் ஒன்றை என்னிடம் நீட்டுவாய். பாலத்தில் நின்ற கார்தான் அது, இயந்திரம் மட்டும் வேறு. பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்கள் தூங்குவார்கள், சிலர் நாடகம் பார்ப்பார்கள். நாம் ஏ பக்கம் கேட்போம், பி பக்கம் கேட்போம், அறுந்த வரிக்குப் பின் சும்மா இருப்போம். உன் இதயமும் தளர்ந்துகொண்டிருந்தது. புத்தகம் படித்தால் எழுத்து ஆடுகிறது என்றாய், சாப்பாடு ருசிக்கவில்லை என்றாய். இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் நீ எதுவும் குறை சொன்னதில்லை.

அப்படிப்பட்ட நாள்களில்தான் என் அலுவலகத் தோழியின் மகன் திருமணம், ஜொகூர் பாருவில் ஒரு டேவானில் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்து மேடையில் கீபோர்டு வாசித்தவரை அறிவிப்பாளர் பழைய குழுவின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினார். நரைத்த தாடி. அன்றைக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற இளைஞர்களில் ஒருவர். நான் யாரிடமும் தானாகப் போய்ப் பேசுகிறவள் இல்லை. உனக்காகப் போனேன். உங்கள் கேசட்டை என் சிநேகிதி இன்னும் கேட்கிறாள் என்றதும் அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உன் பல வருட விளக்கத்தை அவர் வாயாலேயே உறுதி செய்துகொண்டு வரலாம் என்று, கடைசிப் பாட்டை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"அது கடைசி இல்லையேக்கா. அது அஞ்சாவது பாட்டு."

எங்கள் கேசட்டில் தாலாட்டுக்குப் பிறகுதான் உறுமி வரும் என்றேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அலமாக். அந்தப் பெட்டியா ஒங்களுக்கு வந்துச்சு? ஸ்டிக்கர் நாங்களே வீட்டுல ஒக்காந்து ஒட்டுனதுக்கா. அம்மா, சித்தி, தங்கச்சி எல்லாரும். டிவியில நாடகம் ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு பெட்டி முழுக்க ஏயும் பியும் மாத்தி ஒட்டிட்டாங்க. பாதி வித்த பெறவுதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு."

"யாரும் வந்து சொல்லலையா?"

"ஒருத்தருமே சொல்லல. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் யாருக்கா கேக்கப் போறான்னு நாங்களும் விட்டுட்டோம்."

சரியான வரிசையில் பத்துப் பாட்டையும் அங்கேயே என் கைப்பேசிக்கு அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: பாலத்தின் மேல் தொடங்கிய வாதத்தில் நான் வென்றுவிட்டேன். நீ அர்த்தம் கண்ட வரிசை, நாடகம் பார்த்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சித்தியின் கைத்தவறு. அறுந்த வரிக்குத் தத்துவம் எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமையான வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை, அவ்வளவு வேண்டாத வெற்றியும். சோறு ருசிக்காத, எழுத்து ஆடுகிற ஒருத்திக்கு மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தை நான் எப்படிப் பிடுங்குவது? அடுத்த சனிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் திறக்காமல் இருக்கப் பார்த்தேன்.

"என்னாடி, வாயில எதையோ அடக்கி வச்சுக்கிட்டு முழுங்காம இருக்க? டாக்டர் ஏதும் சொன்னாரா?"

நீ பயந்தது அதற்கு. அந்தப் பயத்தைவிட ஸ்டிக்கர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். கீபோர்டுக்காரர் சொன்னதை அப்படியே, சித்தி, நாடகம் உட்பட. உன் முகம் உடையப் போகிறது என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். கை அசைந்து இயந்திரம் கத்தியது. தாதி ஓடி வந்தாள். "மிஸ்ஸி, இவதான் சிரிக்க வைக்கிறா, இவள வெளிய அனுப்புங்க," என்று என்னைக் காட்டிக் கொடுத்தாய். மலாய்க்காரப் பெண்ணான அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நேராக வைத்துவிட்டு, என்னைத்தான் முறைத்துவிட்டுப் போனாள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

"நன்றி அட்டையில அந்தச் சித்தி பேரு வேற இருந்துச்சே," என்றாய். பிறகு, "சரி, போடு. சரியா போடு."

உறுமி முழங்கியது. தொடக்கத்தில் கேட்கும்போதுதான் தெரிந்தது, அது வாசலில் நின்று கூப்பிடுகிற பாட்டு. காதல் பாட்டு, மாமா, மழை. பிறகு ஐந்தாவது. அறுந்த வரி வருகிற இடத்தில் நாம் இருவரும் பழக்கத்தால் மௌனத்துக்குத் தயாரானோம். வரி அறுந்தது. அடுத்த மூச்சில், வாத்தியம் எதுவும் இல்லாமல் அந்தப் பெண் குரல், அதே வரியின் மிச்சத்தைப் பாடியது.

நீ ஊசியில்லாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன்னிடம் இன்னும் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அது எப்போதும் அங்கேதான் இருந்தது. ஒரு முறை கேசட்டைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து உடனே போட்டிருந்தால் கேட்டிருப்போம். முடிந்ததும் சும்மா இருக்க வேண்டும் என்ற உன் விதிதான் அதை நம்மிடமிருந்து மறைத்தது. தாலாட்டு வரை நீ கையை எடுக்கவில்லை. கடைசியில் அந்த அறைச் சிரிப்பு. அதன் பின் வழக்கமான மௌனம். இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குடி," என்றாய். "நம்மளுதவிட இது நல்லா இருக்கு."

"அப்போ இத்தன வருஷமா தப்பா கேட்டதுக்கு வருத்தமில்லையா?"

"நான் லாயாங் லாயாங்காரிலா. நடுவுல ஏறித்தான் எனக்குப் பழக்கம்."

நான் விடாமல், தவறான வரிசையே நமக்கு இவ்வளவு கொடுத்தது என்றால் சரியான வரிசைக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். என் சந்தேகம் எந்த நாற்காலியின் பக்கத்திலும் ஓய்வதில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னாய்: "முழுசா கேட்டதாலதான் எங்க மாறிப் போச்சுன்னு நமக்குத் தெரிஞ்சுது. ஒன் ரோஜாக் ஆளுங்களுக்கு இது மாறுனதே தெரியாது." பிறகு இன்னொன்றும் சொன்னாய். "யாரும் மொதல்லேருந்து கேக்க மாட்டாங்கன்னு சொன்னாருல்ல? அவர்கிட்ட சொல்லிரு. ரெண்டு பேரு கேட்டோம்னு."

உன்னைப் பற்றி நான் வியப்பது அந்த நிமிடத்தைத்தான். சந்தேகப்பட எனக்குப் படிப்பு கற்றுக்கொடுத்தது. ஒரு விளக்கத்தை அவ்வளவு அன்போடு வளர்த்துவிட்டு, அது தவறென்று தெரிந்ததும் சிரித்தபடி இறக்கி வைத்து, அடுத்த பாட்டுக்குக் காது கொடுப்பதை அது கற்றுக்கொடுக்கவில்லை. நம்புகிறவர்களுக்கு உண்மை வலிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உனக்கு அது கேட்க இன்னொரு பாட்டாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் நீ போய்விட்டாய். அதுவரை வந்த சனிக்கிழமைகளில் உறுமியிலிருந்துதான் தொடங்கினோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உன் மகள் கேசட்டை என்னிடம் கொடுத்தாள். ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன, மாற்றி ஒட்டியபடியே.

கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டு உன் செய்தியைச் சொன்னேன்.

"மாமா பாட்டையுமாக்கா?" என்று கேட்டார்.

"அதையும்தான். தாண்டுனா கார விட்டு எறக்கி விட்டிருவா."

நேற்று டயர் கடையிலிருந்து கிளம்பியதும் காரை ஓரமாக நிறுத்தி, பத்துப் பாட்டையும் எடுத்தேன். இப்போதெல்லாம் எந்த ஆல்பத்தையும் முதலிலிருந்துதான் கேட்கிறேன். பிடிக்காத பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் வீடு வரும்வரை வேறு எதையும் போடுவதில்லை. சரியான வரிசைதான் சிறந்தது. அதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை, நீயும் அப்படித்தான் சொன்னாய்.

ஆனால் நேற்று நான் உறுமியிலிருந்து தொடங்கவில்லை. சில நாள்களில் அப்படித்தான், ஆறாவது பாட்டிலிருந்து, நம் பழைய தொடக்கமான அந்தப் பெண் குரலிலிருந்து தொடங்குகிறேன். லாயாங் லாயாங்கில் ஒருத்தி ஏற வேண்டியிருக்கிறது.